கல்லுக்கு யார் பெயர்

கைவிடப்பட்ட சுரங்க ஊர் என்றால் கோலார் தங்கவயல்தான் நினைவுக்கு வருகிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்து இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 வருஷங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே மனிதர்கள் இறங்கித் தோண்டினார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்ட இடம் அது. இன்று சுரங்கம் இல்லை. ஆனால் லைன் வீடுகள் இருக்கின்றன, சயனைடு மண்மேடுகள் இருக்கின்றன, தாத்தா எந்தச் சுரங்கத்தில் எந்த ஷிப்டில் இறங்கினார் என்று சொல்லப் பேரன்கள் இருக்கிறார்கள். சுரங்கம் செத்து ஊர் எஞ்சியது.

செங்கல்பட்டுப் பக்கம் நடந்திருப்பது இதற்கு நேர் எதிர். இங்கே குழி எஞ்சியது, ஊர் எஞ்சவில்லை. இதைச் சுரங்க மாவட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஏரி மாவட்டம் என்பார்கள், பல்லவர் மாவட்டம் என்பார்கள். ஆனால் ஏறக்குறைய 1400 வருஷங்களாக இந்தப் பக்கத்துப் பாறை வெட்டப்பட்டு வருகிறது. வெட்டியவர்கள் எங்கோ தங்கியிருக்க வேண்டும், சமைத்திருக்க வேண்டும், பிள்ளை பெற்றிருக்க வேண்டும். அவர்கள் குடியிருந்த இடம் ஒன்றைக்கூட நம்மால் காட்ட முடியாது. ஓலைக்குடிசை ஒரு மழைக்குப் பிறகு மண். குழி மட்டும் அப்படியே கிடக்கிறது. ஆகவே இங்கே சுரங்க ஊரைத் தேடுகிறவன் வீடுகளைத் தேடிப் பிரயோசனம் இல்லை. பெயர்களைத் தேட வேண்டும். பல்லாவரத்தில் ஆரம்பித்து, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், பூஞ்சேரி வழியாக மாமல்லபுரம் வரை நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் நான் போய்வந்தது இந்த எண்ணத்தோடுதான்.

பல்லாவரத்திலிருந்து தொடங்குவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இந்தியாவின் கற்காலம் நமக்குத் தெரிய வந்ததே இங்கே ஒரு குழியில்தான். 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் ஆய்வாளர், படைகள் அணிவகுக்கும் மைதானத்தை ஒட்டிச் செம்பூராங்கல் சரளை வெட்டிய பள்ளத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். சில மாதங்கள் கழித்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்புவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011-ல் வெளியிட்டார்கள். ஃபூட்டின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சரளையை வெட்டி அந்தக் கல்லை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது மண்வெட்டி பிடித்த ஒரு கை. ரோட்டுக்குச் சரளை வேண்டியிருந்தது, வெட்டினார்கள், கற்காலம் வெளியே வந்தது. கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்குள் இந்த இரண்டாவது ஆளுக்கு இடமில்லை.

இரண்டாவது காரணம் அந்தப் பாறையின் பெயர். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லைப் புவியியலார் சார்னோக்கைட் என்கிறார்கள். உலகம் முழுவதும், அண்டார்க்டிகாவில்கூட, இந்த வகைப் பாறைக்கு இதுதான் பெயர். இது வந்த கதை விசித்திரமானது. ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரி 1693 ஜனவரியில் கல்கத்தாவில் இறந்தார். அவர் கல்லறைக்கு இங்கிருந்து ஒரு கல் கப்பலேறிப் போயிற்று. இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லைச் சோதித்தார். இது தனி வகை என்று கண்டு, கல்லுக்கு அடியில் கிடந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். சார்னாக்தான் கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. அப்படிச் சொல்லக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003-ல் கூறிவிட்டது. நகரம் அவர் கையை விட்டுப் போயிற்று, கல் போகவில்லை. பல்லாவரத்தின் பெயர் அந்தப் பாறைக்கு வாய்க்கவில்லை. அதை உடைத்து, உருட்டி, வண்டியேற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனவர்களின் பெயர் வாய்க்கும் என்று யாரும் எதிர்பார்க்கப் போவதும் இல்லை.

இதைக் காலனியத்தின் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், அது சுலபம். ஆனால் செங்கல்பட்டை நோக்கிப் போகப் போக அந்தச் சுலபம் கைகொடுப்பதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் பாதைகளில் கல்குவாரிகள் இருக்கின்றன. சில ஓடுகின்றன, பல நின்றுவிட்டன. வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். துளை போடுகிறார்கள், வெடி வைக்கிறார்கள், சரிந்த பாறையைச் சம்மட்டியால் பிளக்கிறார்கள், லாரியேற்றுகிறார்கள். கிரஷரில் அது முக்கால் ஜல்லியாகவும் ஒன்றரை ஜல்லியாகவும் தூளாகவும் பிரிகிறது. ஆற்றுமணல் அருகிப்போன பிறகு அந்தத் தூளும் எம்-சாண்ட் என்ற பெயரில் விலைபோகிறது. சென்னையில் நாம் நிற்கும் மாடிக்குள், ஏறிப்போகும் பாலத்துக்குள், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் இந்த மாதிரிக் குன்றுகள்தான் இருக்கின்றன. நகரம் என்பது இடம் மாறிய மலை.

குழிகளின் பிற்காலமும் கவனிக்க வேண்டியது. தோண்டி முடித்த குவாரியில் மழைத்தண்ணீர் நிற்கும். பச்சை நிறம், செங்குத்தான கரை, ஆழம் தெரியாது. பையன்கள் குளிக்கப் போய் மூழ்குகிறார்கள். அந்தச் செய்தி பத்திரிகையில் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் போதாமல் போனபோது, மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்டிருந்த குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து அனுப்பினார்கள். 2019-லும் அப்படியே. முதலில் கல்லைக் கொடுத்த இடம் பிறகு கல் இருந்த பள்ளத்தின் தண்ணீரையும் கொடுத்தது. அந்தப் பள்ளத்தில் வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி மட்டும் எந்த வறட்சியிலும் எழவில்லை.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படித் தங்கினார்கள் என்பதற்குப் பதில் ஒரு சொல்லில் இருக்கிறது: முன்பணம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய ஒரு தொகை. அதைக் கழிக்கக் குடும்பத்தோடு குவாரிக்கு வருவது. கூலியில் பிடித்தம், பிடித்தத்துக்குக் கணக்கு, கணக்கு முதலாளியின் நோட்டில். 1976-ன் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்தது. 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் இன்னும் ஒரு படி போயிற்று. ஒருவர் கட்டாய வேலை செய்வது தெரிந்தால், அது முன்பணத்துக்கு ஈடாகத்தான் என்று அனுமானிக்க வேண்டும். இல்லையென்றால் இல்லையென்று எதிர்த்தரப்பு நிரூபிக்கட்டும் என்றது. மீட்கப்பட்டவருக்கு அரசு ஒரு விடுதலைச் சான்றிதழ் தருகிறது. அதில் அவர் பெயர் இருக்கும். குவாரியில் வேலை செய்த ஒருவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு நம்பத்தக்க எழுத்துச் சாட்சி, பெரும்பாலும் அவர் அங்கிருந்து மீட்கப்பட்டபோது எழுதிய அந்தத் தாள்தான். மீட்கப்படாதவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஒரு பழைய குழிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேசினோம். இளமையில் அதே குழியில் கல் பிளந்தவர். எந்தப் பக்கம் அடித்தால் கல் பிளக்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தட்டிப் பாத்தா சத்தத்துலயே தெரியும் சார். கல்லு சொல்லும். நாமதான் கேக்கணும்."

"எத்தன வருஷம் வேல செஞ்சீங்க?"

"கணக்கு நானா வச்சிருந்தேன்?" என்றார்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குத் திரும்பும் ரோடு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிறது. கழுகுக்காகவும் வேதகிரீஸ்வரருக்காகவும் போகிறவர்கள் மலையிறங்கும் பாதையில் ஒருகல் மண்டபத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பல்லவர் காலக் குடைவரை. அதன் கல்லில் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களையும் வருஷங்களையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள் ஓய்வுநாளில் மலை பார்க்க வந்திருக்கிறார்கள். நம் பையன்கள் கோயில் சுவரில் எழுதுவதுதான். ஆனால் நிதானமாக, அழகான எழுத்தில். குடைவரையைக் குடைந்தவனின் பெயர் அங்கே இல்லை. பார்க்க வந்தவனின் பெயர் இருக்கிறது. தொல்லியல் துறை அந்த மண்டபத்தோடு அவன் பெயரையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறது. கல் யார் பெயரையும் வேண்டாம் என்பதில்லை. உளியும் நேரமும் யாரிடம் இருந்தன என்பதுதான் விஷயம்.

அப்படியானால் உளியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு பொழுது நேரம் கிடைத்திருந்தால்? இந்தக் கேள்விக்கு விடை மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இந்தப் புறத்தில், பூஞ்சேரியில் இருக்கிறது. நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடம். அங்கே ஒரு பாறையில், பல்லவர் காலத்தவை என்று கல்வெட்டறிஞர்கள் கருதும் எழுத்துக்களில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன், திருவொற்றியூர் அபாஜர். இன்னும் சில. அவ்வளவுதான். மெய்க்கீர்த்தி இல்லை, தானம் இல்லை, சாபம் இல்லை. வெறும் பெயர்கள்.

இந்தப் பட்டியலைக் கவிதை மாதிரி ரசிக்கத் தோன்றும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, வேலைத்தளத்து ஆவணமாக வாசித்துப் பார்க்கலாம். பெருந்தச்சன் என்பது ஒரு பதவி: தச்சர்களில் தலைவன், திட்டமும் அளவும் அறிந்தவன். கொல்லன் ஏன் இந்தப் பட்டியலில் வருகிறான்? கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய முனையைக் காய்ச்சி அடித்துத் தோய்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க ஒருவன் வேண்டும். அவன் உலை அணைந்தால் அத்தனை பேர் கையும் நிற்கும். கல்லைத் தொடாமலே கல்வேலையின் நடுவில் இருப்பவன் அவன். சேமகன் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது, அல்லது மற்றவர்கள் அவன் பெயரைச் சேர்த்தது, நியாயம். அடுத்து திருவொற்றியூர் அபாஜர். ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்வது, சொந்த ஊருக்கு வெளியே இருக்கிறவனுக்குத்தான் தேவைப்படும். திருவொற்றியூர் வடக்கே இரண்டு மூன்று நாள் நடை. ஆக இங்கே தலைமை, உலை, கை என்ற வேலைப்பிரிவு இருந்திருக்கிறது. வெளியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறது. வந்தவர்கள் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். நான் தேடிப்போன சுரங்க ஊர் இதுதான். வீடு ஒன்றுகூட இல்லாத ஊர். ஆனால் குடியிருந்தோர் பட்டியல் இருக்கிறது.

கால்வாயைத் தாண்டி மாமல்லபுரத்துக்குள் போனால் இந்தப் பட்டியலின் எதிர்ப்பக்கம் கிடைக்கிறது. தர்மராஜ ரதத்தில் அரசனுடைய விருதுப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனுக்கு இன்னும் நூற்றுக்கணக்கில். ஒரே மனிதனுக்கு அத்தனை பெயர்; அத்தனை மனிதர்களுக்கு ஒரு பாறையில் ஒவ்வொரு பெயர். ஊருக்கே மாமல்லன் பெயர்.

மாமல்லபுரத்தைப் பற்றி நம் வட்டத்தில் பேசும்போது முடிவுறாமை என்ற சொல் தவறாமல் வரும். வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் பாதியில் நிற்கின்றன. பீம ரதத்தின் கீழ்ப்பகுதி கரடாகவே இருக்கிறது. பெரிய புடைப்புச் சிற்பத்துக்குத் தம்பி போல ஒன்று தொடங்கி விடப்பட்டிருக்கிறது. இந்த அரைகுறைத்தன்மையில் ஒரு நவீன அழகைக் காண்கிறோம். பாறைக்கும் உருவத்துக்கும் இடையிலான போராட்டம், மைக்கேலேஞ்சலோவின் அடிமைகள் என்றெல்லாம் ஒப்பிடுகிறோம். எனக்கு இந்தப் பார்வை போதவில்லை. பிடாரி ரதத்தில் மேல் தளங்கள் உருப்பெற்றிருக்கின்றன, அடி மொட்டைப்பாறை. ஏன்? மேலிருந்து கீழாக வேலை நடந்தது. சாரத்துக்குத் தேவை இல்லை. நிற்பதற்குப் பாறையே மேடை. சில இடங்களில் பரப்பைச் சதுரம் சதுரமாகக் கோடிழுத்து, கோட்டைப் பள்ளமாக்கி, நடுவில் புடைத்து நிற்கும் கட்டியைத் தட்டியெடுத்திருக்கிறார்கள். அந்தச் சதுரங்கள் இன்றும் தெரிகின்றன. பூரணமான சிற்பம் தன் வேலையை மறைத்துவிடுகிறது. அரைகுறை அதைக் காட்டிக்கொடுக்கிறது. அது அழகுத் தத்துவமாக இருப்பதற்கு முன்னால், ஒருநாள் மாலை கூலியாட்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் வராத கணக்கு. அரசன் செத்தானோ, படை வந்ததோ, பணம் நின்றதோ, நின்றது அவர்களுடைய வேலை. கைவிடப்பட்ட சுரங்க ஊர் எல்லாவற்றிலும் இருக்கும் அந்தக் கடைசி ஷிப்ட் இங்கேயும் இருக்கிறது.

பாறைகளில் வரிசையாக ஆப்புக் குழிகள் இருக்கின்றன. வழிகாட்டிகள் அவற்றைக் காட்டி, மர ஆப்பைச் செருகித் தண்ணீர் ஊற்றினார்கள், மரம் ஊறிக் கல் பிளந்தது என்பார்கள். கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு அது பிடித்திருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கிறது, மரம் இருக்கிறது, கல் இருக்கிறது. சம்மட்டி அடிக்கிற தோள் இல்லை. எல்லாக் குழியும் பல்லவர் காலத்ததும் அல்ல. பின்னால் வந்தவர்களும் இங்கே கல் உடைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன, எது யாருடையது என்று பார்வைக்குப் பிரியாமல்.

இங்கே நம் இலக்கியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கல்கி 1944-ல் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனர் என்று ஒரு சிற்பியைப் படைத்தார். மாமல்லபுரத்துக்கு வரும் தமிழ் வாசகன் ஆயனரை அறிவான். கேவாத பெருந்தச்சனை அறியமாட்டான். இருந்தவன் மறக்கப்பட்டு இல்லாதவன் நினைக்கப்படுகிறான் என்பதில் கல்கிமேல் குற்றம் இல்லை. நாவலாசிரியன் பாத்திரம் படைப்பான். கேள்வி நம்மைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டியது. "பெயர் தெரியாத அந்த மகா சிற்பி" என்று எத்தனை கட்டுரைகளில் எழுதப்பட்டிருக்கிறது. தன் பெயரைப் பொறிக்காத தியாகம், அகந்தையற்ற கீழைக் கலைஞன் என்று எத்தனை வியப்பு. பூஞ்சேரிப் பாறை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இந்த வியப்புக்கு அர்த்தம் இல்லை. அவர்கள் தங்கள் பெயரை எழுதினார்கள். அரசன் கட்டடத்தில் எழுத இடம் இல்லை. கிடைத்த பாறையில் எழுதினார்கள். பெயரின்மை அவர்களுடைய தத்துவமாக இருந்ததற்குச் சாட்சியம் இல்லை. நமக்கு அது வசதியாக இருந்தது. பெயர் இல்லாதவனுக்குக் கூலி கேட்கத் தெரியாது; அவனைத் தெய்வமாக்கிவிடலாம்.

மாமல்லபுரத்தில் இப்போதும் கல் வேலை நடக்கிறது. 1957-ல் தொடங்கிய சிற்பப் பள்ளி கல்லூரியாகி நடக்கிறது. 2017-ல் இந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புராதனச் சின்னங்களைச் சுற்றிப் பாறை உடைக்கத் தடை இருப்பதால் சிற்பிகளுக்குக் கல் வெளியிலிருந்து லாரியில் வருகிறது. பட்டறைகளில் உளிச் சத்தத்தைவிட அறுவை மெஷினின் சத்தம்தான் அதிகம். வெள்ளைத் தூசு மூக்கில், புருவத்தில், டீ டம்ளரில். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். கல்தூசு நுரையீரலில் தங்கி வருஷக்கணக்கில் இறுகும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர் உண்டு, மருந்து கிடையாது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. விற்கிற சிலையின் அடியில் செய்தவன் பெயர் இருப்பதை அங்கே நான் ஒரு கடையிலும் காணவில்லை.

சரித்திரம் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு எளிய வேலை இருக்கிறது. நோட்டில் இருந்த கணக்கு முதலாளியுடையது. விருதுப் பெயர்கள் அரசனுடையவை. பாறையின் பெயர் கல்லறைக்குள் இருப்பவருடையது. மண்டபத்துப் பெயர்கள் வந்து பார்த்தவர்களுடையவை. இவற்றையெல்லாம் நாம் ஆதாரம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பூஞ்சேரிப் பட்டியலையும் விடுதலைச் சான்றிதழையும் அதே வரிசையில், அதே மதிப்போடு வைத்து வாசிக்கத் தொடங்கினால் செங்கல்பட்டு மாவட்டத்தின் சரித்திரம் வேறு மாதிரி இருக்கும். அதில் மலைகள் இடம் மாறும் கதை வரும். இடம் மாற்றியவர்கள் ஊரோடும் தொழிலோடும் பெயரோடும் வருவார்கள். கேவாத பெருந்தச்சன் தன் பெயரை வெட்ட அரைநாள் செலவழித்திருப்பான். யாரோ படிப்பார்கள் என்று நினைத்துத்தான் வெட்டியிருப்பான்.